பத்தடி அகலத்தில் ஒரு குழாய் மேடை

மணிலாவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அம்மாள் கேட்ட கேள்வியால்தான் நான் கல்வராயன் மலை ஏறினேன். அவர் பெயர் லூர்தெஸ். பிலிப்பைன்ஸில் ஏதோ ஒரு தீவில் சின்ன ஊருக்கு மேயர். அன்று காலை கருத்தரங்கில் நான் படித்த கட்டுரையைக் கடைசிவரை கேட்டவர்கள் மூன்று பேர். அவர் ஒருவர். மற்ற இருவரும் எனக்கு அடுத்துப் பேச வேண்டியவர்கள், அதனால் எழுந்து போக முடியவில்லை.

கட்டுரையில் நான் சொன்னது இவ்வளவுதான்: உள்ளாட்சிகளின் கையில் பணத்தையும், அதைச் செலவழிக்கும் உரிமையையும் கொடுத்தால் அந்தப் பகுதியின் பொருளாதாரம் வளரும். இதைச் சொல்ல நாற்பது படங்கள் காட்டினேன். எல்லாப் படத்திலும் ஒரு கோடு மேல்நோக்கிப் போகும்.

லூர்தெஸ் வறுத்த மீனைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். “நன்றாக இருந்தது. உங்கள் நாட்டில் நீங்கள் கடைசியாகப் பார்த்த கிராமத்து ஊராட்சி அந்தப் பணத்தில் என்ன வாங்கியது?”

பன்னிரண்டு வருடமாக ஊராட்சி நிதியைப் பற்றி எழுதுகிறேன். ஓர் ஊராட்சி அலுவலகத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. தொண்டையில் முள் சிக்கியதுபோல் இருமினேன். அவர் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, “போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள்” என்று தன் எண்ணைக் கொடுத்தார். முள் ஏதும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சென்னைக்குத் திரும்பியதும் தனசேகருக்குப் போன் செய்தேன். என்னிடம் படித்தவர், என் பாடத்தில் இரண்டு முறை தோற்றவர். இப்போது கல்வராயன் மலையில் ஓர் ஊராட்சிக்குச் செயலர். வீடு அடிவாரத்துப் பக்கம் வடக்கனந்தலில். “வாங்க சார், தாராளமா வாங்க” என்றார். அந்தத் தாராளத்துக்கு அவர் பிறகு வருத்தப்பட்டிருப்பார். அவருடைய ஊராட்சியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் நாள் கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. மேசையில் இருந்தவர் பதிவேட்டைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

“இன்னா விஷயமா வந்துக்கிறீங்க சார்?”

“உள்ளாட்சி நிதிப் பரவலாக்கம் பற்றி ஓர் ஆய்வு.”

கொஞ்சம் யோசித்தார். பிறகு ‘பிசினஸ்’ என்று எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் பரோட்டாக் கடைக்குப் போனேன். சால்னா என்றால் தண்ணீரில் மிளகாய்த்தூள் என்று சென்னையில் பழகிவிட்ட எனக்கு, அங்கே ஊற்றியது விருந்தாக இருந்தது. நான்காவது பரோட்டாவைப் பிய்த்துப்போடும்போது பக்கத்து மேசையில் இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது.

“உங்க தெருவுல லைட்டு போட்டாங்களாடா?”

“கம்பம் வந்துச்சி. லைட்டு வர்ல.”

“ஏன்?”

“கம்பத்துக்கு ஒரு ஃபண்டாம், லைட்டுக்கு வேற ஃபண்டாம்.”

நல்ல நகைச்சுவை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை மலைப் பேருந்து. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ஒரு பை நிறையக் கருவாட்டை என் மடிக்கணினிப் பையின் மேல் சாய்த்து வைத்தார். எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை. கச்சிராயபாளையம் வருவதற்கு முன்னால், கரும்பு ஏற்றிப்போன டிராக்டரின் டிரெய்லர் சக்கரம் பள்ளத்தில் இறங்கிச் சுமை பாதி சாலையில் சரிந்துகிடந்தது. பேருந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு கரும்பு ஒடித்துக்கொண்டு, கூடவே வழியையும் ஒதுக்கினார்கள்.

“சார், குந்திக்கினு இருந்தா வண்டி போவுமா? எறங்கி ஒரு கை புடிங்க” என்றார் நடத்துனர். இறங்கிப் பிடித்தேன். கரும்புத் தோகை என் சட்டைக் கையைக் கிழித்தது. சென்னையில் என் தெருவில் தோண்டிப்போட்ட குழி ஒன்று வருடக்கணக்காக இருக்கிறது. அதைச் சுற்றிப் போகிறோமே தவிர, நாங்கள் யாரும் இறங்கி ஒரு கை பிடித்ததில்லை.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் எனக்குத் தலை சுற்றியது. கொண்டை ஊசி வளைவுகளில் எதிலோ என் காலை இட்லி வெளியே வந்துவிட்டது. கருவாட்டு அம்மாள் எலுமிச்சம்பழம் கொடுத்து, “மோந்துக்கினே வாங்க” என்றார். ஒரு கையில் எலுமிச்சை, மடியில் கருவாடு. இந்த இரண்டு வாசனைகளுக்கும் நடுவில்தான் நான் களத்துக்குள் நுழைந்தேன்.

தனசேகர் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். ஏற்றிக்கொண்டு போனவர், ஓர் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தினார். ஓடையின் குறுக்கே புத்தம்புதிதாக, நல்ல அகலமாக, இரண்டு பக்கமும் கல்லும் மண்ணும் போட்டு ஏற்றம் அமைத்து ஒரு பாலம்.

“சார், ஒரே ஒரு விஷயம். இது பாலம் இல்ல. குழாய் மேடை. யார் கேட்டாலும் குழாய் மேடை. மறந்துடாதீங்க.”

“ஏன்?”

அவர் விளக்கினார். ஓடைக்கு அக்கரையில்தான் மரவள்ளிக் காடுகள். இத்தனை காலமும் லாரி இக்கரையில் நின்றுவிடும். கிழங்கைத் தலையில் சுமந்து ஓடையைக் கடந்து வரவேண்டும். பாலம் வேண்டும் என்று கேட்ட மனு மூன்று முறை மேலே போய் மூன்று முறையும் திரும்பி வந்தது. ஊராட்சிக்கு நேராக வரும் பணத்தில் பெரும்பகுதி குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று மேலேயே கட்டிப்போட்டு வருகிறது. மிச்சம் இருப்பது தெருவிளக்குக்கும் சம்பளத்துக்கும் சரியாகப் போய்விடும். ஆகவே, அக்கரை வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுபோக ஓடையின் குறுக்கே ஒரு மேடை என்று தீர்மானம் போட்டார்கள். அதைக் கொஞ்சம் அகலமாகக் கட்டிக்கொண்டார்கள்.

“எவ்வளவு அகலம்?”

“பத்தடிங்க சார்.”

பரோட்டாக் கடைப் பேச்சு நகைச்சுவை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊராட்சித் தலைவர் பச்சையம்மாள் அக்கரையில் தன் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். வெறும் வயிற்றோடு இருந்த நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டபின் என் வினாப்பட்டியலை எடுத்தேன். முப்பத்தாறு கேள்விகள். முதல் கேள்வியைப் படிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“உங்க ஏரியா கவுன்சிலரு யாருங்க சார்?”

எனக்குத் தெரியவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. வினாப்பட்டியலை மடித்து வைத்துவிட்டு, பாலம் வந்ததால் என்ன ஆயிற்று என்று சாதாரணமாகக் கேட்டேன்.

“மேடைங்க” என்று திருத்தினார். “கிழங்கப் புடுங்கினா ரெண்டு நாளுக்குள்ள ஜவ்வரிசி மில்லுக்குப் போயாவணும். இல்லன்னா மாவு கம்மியாயிடும், ரேட்டும் கம்மியாயிடும். லாரி வராத ஊருக்கு ஒரே ஏவாரிதான் வருவாரு. அவரு சொன்னதுதான் வெல. இப்ப ஆத்தூர்லேர்ந்து இன்னொருத்தரும் போன் பண்றாரு. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பண்ணிக்கினே இருக்காங்க. போன எடுக்கறதுக்கே சொகமா கீது.”

நாற்பது படங்களில் நான் சொல்ல முயன்றதை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த உற்சாகம்தான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக ஒரு பெண் இக்கரைத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். காசியம்மாள். அக்கரைத் தெருவில் குடியிருப்பவர். பச்சையம்மாளைப் பார்த்ததும் நின்றார்.

“கொழா மேட கட்டியாச்சி. கொழா எங்க?”

“கிழங்கு போவட்டும்கா. பொங்கலு தாண்டிப் போட்டுடலாம்.”

“மூணு கிராம சபையா இதத்தான் சொல்ற” என்று காசியம்மாள் போய்விட்டார். பணம் முழுவதும் கான்கிரீட் அகலத்துக்கே போய்விட்டது, அதனால்தான் குழாய் பின்னுக்குப் போனது என்று தனசேகர் மெதுவாகச் சொன்னார். நான் குறிப்பேட்டில் ‘சிறு குறை’ என்று எழுதினேன். இந்த ஆய்வில் நான் எழுதியவற்றிலேயே மிக முட்டாள்தனமான இரண்டு சொற்கள் அவைதான்.

மூன்றாம் நாள் ஒன்றிய அலுவலகத்தில் தலைவர்கள் கூட்டம். தனசேகரும் பச்சையம்மாளும் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். வட்டார வளர்ச்சி அலுவலரான பிடிஓ ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். வெளியூர்ப் பேராசிரியர் வந்திருக்கிறார் என்று மரியாதைக்கு, “சார் ரெண்டு வார்த்த பேசட்டும்” என்றார். இரண்டு வார்த்தை என்று யாராவது என்னிடம் சொன்னால் அதை நான் நம்பவே மாட்டேன். கால் மணி நேரம் பேசினேன்.

மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாத தேவை உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும் என்றேன். பணம் எப்படி வந்தாலும் அறிவுள்ள ஊராட்சி அதை வளர்ச்சியாக மாற்றிவிடும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “உதாரணத்துக்கு, குடிநீர்ப் பணத்தில் ஒரு அருமையான பாலம் கட்டியிருக்கிறார்கள்” என்றேன். தனசேகர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்துக் காலை நகர்த்திக்கொண்டு, “லாரியே போகும்!” என்று முடித்தேன்.

கைதட்டல் இல்லை. மற்ற ஊராட்சித் தலைவர்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

“எந்த ஊர்ல சார் பாலம்?” என்று பிடிஓ கேட்டார். அதையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். “நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானே வந்து பாக்கறேன்.”

வாடகை ஜீப் ஒன்றில் ஊருக்குத் திரும்பினோம். பாதி தூரம் வந்தபிறகுதான் தனசேகர் வாயைத் திறந்தார். குழாய் இல்லாமல் மேடை மட்டும் இருந்தால், குடிநீர்ப் பணத்தைச் சாலைக்குச் செலவழித்ததாக ஆகிவிடும். காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமையைத் தலைவரிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். கட்டிய செலவையும் அவர் கைக்காசிலிருந்து கட்டச் சொல்வார்கள். பச்சையம்மாளுக்கு இருப்பது அந்த மரவள்ளிக் காடும் நான்கு ஆடுகளும்தான்.

“விடு தம்பி” என்றார் பச்சையம்மாள். “சார் பொய் ஒண்ணும் சொல்லலியே.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பன்னிரண்டு வருடமாக உள்ளாட்சிகளின் உரிமைக்காக எழுதியவன், ஓர் ஊராட்சியின் உரிமையைக் கால் மணி நேரத்தில் பறிக்க வழி செய்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கீழே போக எத்தனை மணிக்குப் பேருந்து என்று கேட்டேன்.

“பஸ்ஸு கெடக்குது. ஒங்களுக்குக் கொழா ஒட்டத் தெரியுமா?” என்றார் பச்சையம்மாள்.

தெரியாது. ஆனால் அன்று மதியமே கற்றுக்கொண்டேன். செய்தி வீடு வீடாகப் போயிற்று. ஊராட்சி அலுவலகத்தில் பழுதுபார்க்க வைத்திருந்த குழாய்கள் கொஞ்சம் இருந்தன. காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச வைத்திருந்ததை ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, வெயிலில் வெளுத்து நிறமே தெரியாமல் ஒன்று. எல்லோருக்கும் முன்னால் வந்தவர் காசியம்மாள்தான். இரண்டு நீளக் குழாய்களைத் தோளில் போட்டு வந்தார்.

“ஏதுக்கா இது?” என்றார் பச்சையம்மாள்.

“மொதல் தபா நீ போடறேன்னு சொன்னப்பவே வாங்கி வெச்சிட்டேன். எங்க வூட்டுக் கூர மேலதான் கெடந்துச்சி.”

பச்சையம்மாள் அந்தக் குழாய்களை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றே கீழே குனிந்துகொண்டேன். என் கட்டுரையில் ‘ஊர்’ என்பது எப்போதும் ஓர் ஆள். அந்த ஆளுக்கு ஒரே ஓர் ஆசை. அந்த ஊருக்கு அக்கரை, இக்கரை என்று இருப்பதும், கிராம சபையில் கிழங்குக்காரர்கள் கை தூக்கினால் குடம் சுமப்பவர்களின் குரல் அடுத்த சபைக்குப் போய்விடும் என்பதும் எந்தப் படத்திலும் இல்லை. தண்ணீருக்கு மட்டும் என்று மேலே உட்கார்ந்து யாரோ கட்டிப்போட்டதற்கும் ஒரு காரணம் இருந்திருக்கலாம். அந்த யாரோவைப் பற்றி நான் மணிலாவில் மிகக் கடுமையாகப் பேசியிருந்தேன்.

எனக்குக் கொடுத்த வேலை, குழாய் முனைகளில் பசை தடவி இணைப்பது. முதல் இணைப்பில் குழாயோடு என் கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்து பிய்த்தார்கள். அதன் பிறகு பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அதை நன்றாகவே செய்தேன். இருட்டுவதற்குள் குழாய் மேடையின் ஓரமாகவே அக்கரைக்குப் போய், காசியம்மாள் வீட்டுக்கு எதிரில் ஒரு குழாயாக எழுந்து நின்றது.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குச் சரியாகப் பிடிஓவின் ஜீப் வந்தது. அவர் ஏற்றத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். “கொழா மேட மேல ஜீப் ஏத்தக் கூடாது” என்றார் ஓட்டுநரிடம். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இறங்கி நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். மேடையின் நடுவில் ஓர் இடத்தில் குழாயிலிருந்து தண்ணீர் மெல்லிய கம்பியாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

“இந்த ஜாயிண்ட்ட யாரு ஒட்டினது?”

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. நான் கட்டைவிரலைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் அக்கரையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. குழாய் ஒட்டிய பரபரப்பில் ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டோம். முந்தாநாளே ஒருவர் கிழங்கு பிடுங்கிக் குவித்துவிட்டார். ஆத்தூர்க்காரர் லாரி விடியற்காலையிலேயே அக்கரைக்குப் போய்ச் சுமை ஏற்றிக்கொண்டிருந்தது. பிடுங்கிய கிழங்கு யாருக்காகவும் காத்திருக்காது. லாரி மேடைமேல் ஏறி, பிடிஓவுக்கு எதிரில் வந்து, வழி கேட்டு ஹாரன் அடித்தது.

பச்சையம்மாளின் விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. தனசேகர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிடிஓ மெதுவாக ஓரமாக ஒதுங்கினார். லாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மலையைப் பார்த்தார். லாரி அவருக்குப் பின்னால் முழுதாக, மரவள்ளிக் கிழங்கின் மண் வாசனையோடு, நிதானமாகக் கடந்து போனது.

“காத்து நல்லா அடிக்குது இல்ல?” என்றார்.

“ஆமாங்க ஐயா, நல்ல காத்துங்க” என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

அக்கரையில் அவரே குழாயைத் திறந்தார். முதலில் காற்று சீறியது. பிறகு சேறு. பிறகு தெளிந்த தண்ணீர். காசியம்மாள் யாரிடமும் கேட்காமல் குடத்தைக் கீழே வைத்தார். குடம் நிரம்பும்வரை பிடிஓ காத்திருந்தார். பதிவேட்டை வாங்கி, ‘குழாய் உள்ளது. தண்ணீர் வருகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தனசேகர் காசியம்மாள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜீப் போனபிறகு காசியம்மாள் என்னிடம் வந்தார். “நீங்க பேசலன்னா பொங்கலு தாண்டியும் வந்திருக்காது சார். அடுத்த மீட்டிங்குக்கும் வாங்க.”

“வேணாம்கா” என்றார் தனசேகர்.

பச்சையம்மாள் சிரித்தார். மூன்று நாட்களில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். “வரட்டும் தம்பி. ஆனா கொழா எல்லாம் போட்டு முடிச்சிட்டு மூணு மாசம் கழிச்சிக் கூப்புடலாம்” என்றார். வழிக்கு ஒரு மரவள்ளிக் கிழங்கு மூட்டை கட்டிக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிற்கும் இடத்துக்கு நடப்பதற்குள், இத்தனை வருடம் ஓடையில் இறங்கிச் சுமந்தவர்கள் எதைச் சுமந்தார்கள் என்பது என் தோளுக்குத் தெரிந்துவிட்டது.

கள்ளக்குறிச்சியில் சென்னைப் பேருந்துக்காக உட்கார்ந்திருந்தபோது மணிலா ஞாபகம் வந்தது. லூர்தெஸுக்கு நீளமாக ஒரு செய்தி எழுத ஆரம்பித்தேன். உள்ளாட்சி, உரிமை, வளர்ச்சி என்று இரண்டு பத்தி ஓடியது. ஒட்டிப் பிய்ந்த கட்டைவிரல் எரிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினேன்: “போய்ப் பார்த்தேன். நான் பார்த்த ஊராட்சி கடைசியாக வாங்கியது, ஓடையைக் கடக்கும் ஒரு குடிநீர்க் குழாய்.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்தது.

“எவ்வளவு அகலம்?”